‘ரம்மி திறமை ஆட்டம்தானே’ என்று உட்காருபவர்கள் செய்யும் தவறுகள்

ரம்மியில் பணத்தை விட்டவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "இது சூதாட்டம் இல்லைங்க, திறமை ஆட்டம், சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு" என்றுதான் ஆரம்பிப்பார். அவர் சொல்வது பொய் இல்லை. 1968இல், ஆந்திரப் பிரதேச அரசுக்கும் கே. சத்தியநாராயணாவுக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. மூணு சீட்டு மாதிரி முழுக்க அதிர்ஷ்டம் சார்ந்தது இல்லை ரம்மி, விழுகிற சீட்டுகளை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்பதில் கணிசமான திறமை வேண்டும் என்று காரணமும் சொன்னது. அந்தக் காரணத்தை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஞாபகம், எதை வைப்பது எதைக் கழிப்பது என்று யோசிக்கிற நிதானம், இந்த இரண்டைத்தான் திறமை என்கிறது தீர்ப்பு. தொடர்ந்து நாலு ஆட்டம் ஃபுல் (அதிகபட்ச அபராதமான 80 பாயிண்ட்) வாங்கி முகம் சிவந்து உட்கார்ந்திருப்பவரிடமிருந்து முதலில் போவதும் இந்த இரண்டும்தான்.

தீபாவளிக்கோ, கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி மண்டபத்திலோ, ஜமக்காளம் விரித்துச் சின்னப் பணம் வைத்து ஆடுகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஆடவே கூடாது என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அது வேறு பேச்சு.

பெரிய தவறிலிருந்தே ஆரம்பிக்கலாம்: ஸ்கூட் விடத் தெரியாதது, அதாவது கை சரியில்லை என்றால் ஆடாமல் சீட்டைக் கவிழ்த்துவிடத் தெரியாதது. வழக்கமான கணக்கில் முதல் சீட்டை எடுக்காமலே கவிழ்த்தால் அபராதம் 20 பாயிண்ட், நடுவில் கவிழ்த்தால் 40, மாட்டிக்கொண்டால் அதிகபட்சம் 80. அதாவது நாலு ஸ்கூட் சேர்ந்தால்தான் ஒரு ஃபுல். இது எல்லோருக்கும் தெரியும், ஆனால் கையில் சீட்டு வந்ததும் மறந்துபோகும். ஒரு கையைப் பார்ப்போம். ராஜா இரண்டு, ராணி ஒன்று, ஜாக்கி ஒன்று, எல்லாம் வேறு வேறு ஜாதி, ஆட்டின் (ஹார்ட்) 6, 7 மட்டும் பக்கத்துப் பக்கத்தில், மிச்சமெல்லாம் சிதறல், ஜோக்கர் ஒன்றுகூட இல்லை. "ரெண்டு ரவுண்டு பார்ப்போமே" என்று கட்டிலிருந்து ஒன்றை எடுக்கிறார். எடுத்த நிமிஷமே 20 என்பது 40 ஆகிவிட்டது. அவருக்கு உதவப்போவது ஆட்டின் 5, ஆட்டின் 8. இரண்டு கட்டு, இரண்டு அச்சு ஜோக்கர் சேர்த்து 106 சீட்டில், கையிலுள்ள 13, திறந்த சீட்டு, அந்த ஆட்டத்துக்கு ஜோக்கராக எடுத்து வைத்த கட் ஜோக்கர் போக, அவர் கண்ணில் படாதவை 91, அதில் இவை மொத்தம் 4. கட்டிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு தடவையும் 100க்கு நாலு சொச்சம் வாய்ப்பு. அதுவும் வந்துவிட்டால் கிடைப்பது ஒரே ஒரு ஒரிஜினல் சீக்வென்ஸ் (ஜோக்கர் சேராமல் ஒரே ஜாதியில் அடுத்தடுத்து வரும் சீட்டுகள்), இன்னும் பத்துச் சீட்டு சேர வேண்டும்! அதற்குள் எதிரில் இருப்பவர் எல்லாம் சேர்ந்துவிட்டது என்று கையை விரித்து ஷோ காட்டிவிடுவார்.

இதில் இன்னொரு கூத்து உண்டு. இரண்டு ரவுண்டு பார்த்தாயிற்று, ஒன்றும் வரவில்லை, இப்போதாவது 40ஓடு கவிழ்க்கலாம். ஆனால் "இவ்வளவு தூரம் வந்தாச்சு" என்று தொடர்வார்கள். இவ்வளவு தூரம் என்பது இரண்டே இரண்டு சீட்டு. நன்றாக ஆடுகிறவரைக் கவனித்தால், ஒரு ராத்திரியில் அவர் பாதி நேரம் ஆடாமல் வெற்றிலை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் ஜெயிக்கிற ரகசியம் பெரும்பாலும் அந்த வெற்றிலை நேரத்தில்தான் இருக்கிறது.

ஜோக்கர் வந்துவிட்டால் பிழைத்தோம் என்று நினைப்பதும் இதே வகை. மூன்று ஜோக்கர் கையில் இருந்தும் ஒரிஜினல் சீக்வென்ஸ் இல்லாவிட்டால் மிச்சம் பத்துச் சீட்டும் எண்ணிக்கைக்கு வந்துவிடும். முதலில் ஒரிஜினல், அப்புறம்தான் ஜோக்கருக்கு வேலை. கட் ஜோக்கர் 7, அதாவது எந்த 7ஆனாலும் ஜோக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இஸ்பேடு 6, 8 வைத்துக்கொண்டு நடு 7க்குக் காத்திருப்பவரைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும், ஏனென்றால் அந்த ராத்திரியில் 7ஐக் கையில் வைத்திருப்பவர் யாரும் அதைக் கீழே போடப்போவதில்லை. ஆறு பேர் ஆடும்போது இன்னும் மோசம். 78 சீட்டு கைகளுக்குப் போய்விடும், கட் ஜோக்கரும் திறந்த சீட்டும் போகக் கட்டில் மிஞ்சுவது 26, ஆளுக்கு நாலு முறை எடுத்தால் தீர்ந்துவிடும். ஆறு பேர் என்றால் மூன்றாவது கட்டைச் சேர்த்துவிடுவது நல்லது.

சீட்டு கலைப்பதையும் சொல்லியாக வேண்டும். போன ஆட்டத்தில் இறக்கிய செட்டும் (ஒரே எண் சீட்டுகள்) சீக்வென்ஸும் அப்படியே ஒட்டிக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்கு வரும். ஒரே ஒரு 52 சீட்டுக் கட்டு ஓரளவு நன்றாகக் கலைய, இரண்டாகப் பிரித்துக் கோத்துவிடும் முறையில் ஏழு தடவை கலைக்க வேண்டும் என்று 1992இல் டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். நம் வீடுகளில் இரண்டு கட்டைச் சேர்த்து மூன்று தட்டுத் தட்டிவிட்டுப் போட ஆரம்பித்துவிடுகிறோம், அப்புறம் "இன்னைக்கு அவருக்குக் கைராசி" என்கிறோம். இடம் மாறி உட்கார்ந்தால், கட்டை மாற்றினால், சட்டைப் பையில் எலுமிச்சம்பழம் வைத்தால் சீட்டு வரும் என்பவர்களோடு நான் சண்டை போடுவதில்லை, செலவில்லாத நம்பிக்கைதானே. "அஞ்சு ஆட்டமா வரலை, ஆறாவது வந்தே ஆகணும்" என்கிற நம்பிக்கைதான் செலவு வைப்பது. போன ஆட்டத்தில் உங்களுக்கு என்ன நடந்தது என்று சீட்டுக்குத் தெரியாது.

பணத்துக்கு வருவோம். பாயிண்டுக்கு எவ்வளவு என்பதை சீட்டுப் போடுவதற்கு முன்னால் முடிவு செய்து, அதை எக்காரணம் கொண்டும் நடுவில் மாற்றக் கூடாது. சண்டையில் முடிந்த ஆட்டங்களை விசாரித்தால், பெரும்பாலும் ராத்திரி பன்னிரண்டரைக்கு ஒருவர் "கடைசி மூணு ஆட்டம், பாயிண்டை ஏத்திக்கலாமா" என்று கேட்ட இடத்தில் போய் நிற்கும். கேட்பவர் எப்போதும் விட்டவர்தான். பாயிண்ட் 50 பைசா என்றால் ஒரு ஃபுல் 40 ரூபாய். அதை 2 ரூபாய் ஆக்கினால் ஒரு ஃபுல் 160, மூன்று ஃபுல் 480. சாயங்காலத்திலிருந்து பன்னிரண்டு ஃபுல் வாங்கினால் எவ்வளவு போயிருக்குமோ அவ்வளவும் கடைசி அரை மணி நேரத்தில் போகலாம். விட்டதைப் பிடிக்கிறேன் என்று ஆடும்போது ஸ்கூட் விடவும் மனசு வராது, ஏனென்றால் கவிழ்த்தால் எதைப் பிடிப்பது? ஆக, பணமும் ஏறி, ஆட்டமும் கெட்டு, இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறது.

கடனில் ஆடுவது அடுத்தது. "எழுதி வச்சுக்கோ மாப்ளே" என்பது ஒரு காலம், இப்போது "ஜிபே பண்றேன்". இரண்டிலும் கையிலிருந்து நோட்டு போவது கண்ணுக்குத் தெரியாது. ஆளுக்கு இவ்வளவு என்று முன்பே நோட்டாகக் கொடுத்து, அதற்குப் புளியங்கொட்டையோ கேரம் காயோ வாங்கிக்கொண்டு, காய் தீர்ந்தால் அன்றைக்கு அவருக்கு ஆட்டம் முடிந்தது என்று வைத்தால் பாதிப் பிரச்சினை வராது. தீர்ந்தவர் சீட்டுப் போடும் வேலையைப் பார்க்கட்டும், கணக்கு எழுதட்டும், சபையில்தானே இருக்கிறார். அவருக்கு மறுபடி காய் கடன் கொடுக்கும் தாராள மனசுக்காரர் ஒருவர் எல்லா ஜமாவிலும் இருப்பார். அவரைத்தான் முதலில் அடக்க வேண்டும்.

விதிகளைப் பேசாமல் ஆரம்பிப்பது சின்னத் தவறு மாதிரி தெரியும், ஆனால் மாமன் மச்சான் பேச்சுவார்த்தை நின்றுபோவது இதில்தான். ஏஸுக்கு 1 பாயிண்டா 10 பாயிண்டா? ஒரே செட்டில் இரண்டு ஆட்டின் 8 வைக்கலாமா? பொதுவான விதியில் கூடாது, செட்டில் ஒவ்வொன்றும் வேறு ஜாதியாக இருக்க வேண்டும், ஆனால் சில வீடுகளில் விடுவார்கள். தப்பாக ஷோ காட்டினால் 80தானா? போட்ட சீட்டைத் திரும்ப எடுக்கலாமா? வெளியூரிலிருந்து வந்த மாப்பிள்ளை தன் வீட்டு வழக்கப்படி இரண்டு எட்டை வைத்து ஷோ காட்டி, இங்கே எல்லோரும் சிரித்து, அவருக்கு 80 எழுதி... இதெல்லாம் தேவையா? கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் நாலு வரி எழுதிவிட்டால் போதும்.

பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பவரை யாரும் தவறுகளில் சேர்ப்பதில்லை, நான் சேர்ப்பேன். "ஐயையோ, அந்த ராணியைப் போட்டுட்டீங்களே அண்ணே" என்று ஒரு வார்த்தைதான் சொல்வார். அண்ணனிடம் ராணிச் செட்டு இனி இல்லை என்பது அந்த வார்த்தையில் மூன்று பேருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பார்க்கிறவர் ஒருவர் கையை மட்டும் பார்க்கட்டும், வாயைத் திறக்கக் கூடாது. அதேபோல ஆடவே வராத பிள்ளைகளையும், நன்றாகக் குடித்துவிட்டு வந்தவரையும் பணம் வைத்து ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டு ஜெயித்தால் அதை யாரும் போட்டி என்று சொல்லமாட்டார்கள். பிள்ளைகளுக்குக் கழுதை ஆட்டம் இருக்கவே இருக்கிறது.

மறுபடி சட்டம். 1968 தீர்ப்பைச் சொல்கிறவர்கள் அதன் அடுத்த பகுதியைச் சொல்வதில்லை: ஆட்டம் நடத்துகிற இடத்தின் உரிமையாளர் அந்த ஆட்டத்திலிருந்து லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்பதும் அதில்தான் இருக்கிறது. அதனால் "ஒவ்வொரு ஆட்டத்துக்கும் டேபிளுக்கு இவ்வளவு" என்று ஒருவர் எடுத்துக்கொள்ளும் இடத்தில் போய் உட்காராதீர்கள். அப்படிப்பட்ட இடத்தில் நாலு பேரும் சம திறமை என்றால் நாலு பேரும் தோற்பார்கள், ஜெயிப்பது டேபிள் மட்டும்தான்.

போனில் ஆடுவது இதிலிருந்து தனி. தமிழ்நாட்டில் 2022இல் வந்த சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் வைத்தது, 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பட்டியலை மட்டும் நீக்கியது, 2025இல் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டம் கூடாது என்ற கட்டுப்பாட்டைச் சரி என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையா அதிர்ஷ்டமா என்றே பார்க்காமல், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்கு மொத்தமாகத் தடைச் சட்டம் நிறைவேற்றிவிட்டது. ஆகவே வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பி "இந்த ஆப்பில் இன்னும் ஓடுது" என்பவரை நம்புவது தவறு, பணம் மாட்டிக்கொண்டால் கேட்க நாதி இருக்காது. வீட்டு ஆட்டத்தில் எதிரில் இருப்பவர் கொட்டாவி விடுவார், அத்தை வந்து விளக்கை அணைப்பார், ஆட்டம் தானாக முடியும். போனில் அப்படி அணைக்க யாரும் இல்லை. விடவே முடியவில்லை என்ற நிலையில் யாராவது இருந்தால் 14416க்குக் கூப்பிடச் சொல்லுங்கள், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம்.

கடைசியாக, எழுந்து போவது. ஜெயித்துக்கொண்டிருப்பவர் பதினொரு மணிக்கு "தூக்கம் வருது" என்று எழுந்தால் மற்றவர்கள் முகம் மாறும், "காசைப் பார்த்ததும் கிளம்பிட்டான்" என்று பின்னால் பேச்சு வரும். அவருக்கு நிஜமாகவே தூக்கம் வந்திருக்கலாம். ஆரம்பிக்கும்போதே முடிகிற நேரத்தைச் சொல்லிவிடுங்கள், முன்னால் போக வேண்டியவர் மூன்று ஆட்டத்துக்கு முன்பே சொல்லட்டும், அவர் கணக்கை எல்லோர் முன்னாலும் கூட்டி அங்கேயே தீர்த்துவிடுங்கள். ஜெயித்தவர் காலையில் எல்லோருக்கும் டிபன் வாங்க வேண்டும் என்று சில ஜமாக்களில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். வடை விலை ஏறிப்போனதில் ஜெயித்தவருக்குக் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை என்று கேள்வி.