மேட்டர்ஹார்ன்: ஹோர்ன்லி முகட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுவிட்சர்லாந்து, இத்தாலி எல்லையில் நிற்கும் மேட்டர்ஹார்னின் உயரம் 4478 மீட்டர். சுவிஸ் ஊரான செர்மாட் பக்கமிருந்து ஏறும் ஹோர்ன்லி முகட்டில் பாறை ஏற்றம் அவ்வளவு கடினமில்லை. ஆனால் மலையேறுபவர்கள் தங்கிப் புறப்படும், 3260 மீட்டரில் உள்ள ஹோர்ன்லி குடிலிலிருந்து உச்சிவரை 1200 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். பெரும்பாலானோர் பாதியில் திரும்புவதற்குக் காரணம் நேரம் போதாததுதான்.

நேரத்தை அதிகம் விழுங்குவது கயிறு. ஒருவர் ஏற, மற்றவர் நின்று பிடிக்க என்று 30 மீட்டருக்கு ஒருமுறை நின்றால், 1200 மீட்டருக்கு 40 நிறுத்தங்கள். ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம் என்றாலே பத்து மணி நேரம் போய்விடும். இருவருக்கும் நடுவே சில மீட்டர் கயிறு மட்டும் விட்டு, மீதியைத் தோளில் சுற்றிக்கொண்டு, இருவரும் ஒன்றாக நகர வேண்டும். கயிறு பாறை முனைகளுக்குப் பின்னால் போகும்படி பார்த்து ஏறுங்கள். கடினமான இடங்களில் பாறையில் அடித்திருக்கும் தடித்த இரும்புக் கம்பிகளில் கயிற்றை ஒரு சுற்று போட்டுக்கொண்டால் போதும். இது கைக்குப் பழகாமல் இங்கே வரவே கூடாது. பழகுவதற்கு அருகிலேயே ரிஃபெல்ஹார்ன் என்ற சிறிய பாறைச் சிகரம் இருக்கிறது.

அடுத்தது வழி தவறுவது. இருட்டில் புறப்படுவதால் முதல் ஒரு மணி நேரத்திலேயே பலர் இடப்பக்கமாக, மலையின் கிழக்குச் சரிவான கிழக்கு முகத்துக்குள் போய்விடுகிறார்கள். காலடியை உற்றுப் பாருங்கள்: சரியான வழியில் பாறை உறுதியாக, பல கால்கள் பட்டு மழுங்கி, கிராம்பான் (பனியில் வழுக்காமலிருக்கக் காலணியின் அடியில் மாட்டும் இரும்பு முட்கள்) கீறல்களோடு இருக்கும். மிதிக்கும் கல்லெல்லாம் ஆடினால் வழி மாறிவிட்டது. மேலே போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று நினைக்காமல், வந்த வழியே முகட்டுக்குத் திரும்புங்கள். முந்தைய நாள் பகலிலேயே தொடக்கப் பகுதியை ஏறிப் பார்த்துவிட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

இதே முகட்டில் 4003 மீட்டரில் உள்ள சொல்வே குடில் ஆபத்தில் ஒதுங்குவதற்கு மட்டும். அங்கே தூங்கும் திட்டத்தோடு கிளம்புவது பெரிய தவறு. அந்தக் குடிலை நேரத்தை அளக்கும் கல்லாக வைத்துக்கொள்ளுங்கள். ஹோர்ன்லி குடிலிலிருந்து அங்கு சேர 3 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டால் திரும்பிவிடுங்கள். இறங்கவும் ஏறிய அளவு நேரம் பிடிக்கும். பிற்பகலில் இடிமழை வந்தால் முகட்டில் ஒதுங்க இடமில்லை. 1865 ஜூலை 14 அன்று முதன்முதலில் உச்சியைத் தொட்ட ஏழு பேரில் நால்வர் இறந்ததும் இறங்கும்போதுதான்.

தோள் எனப்படும் பகுதிக்கு மேலே தடித்த கயிறுகள் நிலையாகக் கட்டியிருக்கும். கையால் மட்டுமே தொங்கி இழுத்தால் முன்கை மரத்துப்போகும். உடல் எடையைக் காலில் தாங்குங்கள், கயிற்றை ஒரு பிடிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பகுதியில் பனி தொடங்கியதுமே, நிற்க வசதியான இடத்தில் கிராம்பானை மாட்டிவிட வேண்டும். சரிவில் வழுக்கத் தொடங்கிய பிறகு வாரை இறுக்க முடியாது.

புதுப்பனி விழுந்தால் பாறை காயும்வரை சில நாள் காத்திருங்கள். கடும் வெயில் காலத்தில் வேறு ஆபத்து: பாறையைப் பிணைத்திருக்கும் உறைபனி இளகிக் கற்கள் சரியும். 2003 ஜூலையில் ஹோர்ன்லி முகட்டில் அப்படிச் சரிந்தபோது, மேலே இருந்தவர்களை ஹெலிகாப்டரில் இறக்க வேண்டியிருந்தது.

இத்தாலிப் பக்கம் பிரெய்-செர்வினியாவிலிருந்து, கரெல் குடில் வழியாகச் சிங்க முகட்டில் ஏறி, செர்மாட் பக்கம் இறங்கச் சிலர் ஆசைப்படுகிறார்கள். ஹோர்ன்லியில் ஒருமுறையாவது ஏறியிராதவர் அதில் களைத்த காலோடு இறங்கினால், கிழக்கு முகத்தில்தான் போய் மாட்டுவார். முதல்முறை வருபவர்கள் ஏறிய முகட்டிலேயே இறங்குங்கள்.