உவர்மலையில் ஒன்று, நிலாவெளியில் ஒன்று: இரண்டு கணினியிலும் ஒரே கோப்புகள்

வீடு உவர்மலையில். அங்கே ஒரு மேசைக்கணினி. பின்னேர ரியூஷன் வகுப்பு நிலாவெளியில், அதற்குக் கொண்டுபோவது ஒரு மடிக்கணினி. வினாத்தாளை வீட்டில் அடிப்பேன், வகுப்பில் உட்கார்ந்து திருத்துவேன். இரண்டுக்கும் நடுவே ஒரு பென் டிரைவ் என் சட்டைப்பையில் அலைந்துகொண்டிருந்தது. ஒருநாள் திருத்திய தாளை வீட்டுக் கணினியிலேயே விட்டுவிட்டு, பழையதை நாற்பது பிரதி எடுத்துக்கொண்டு போய்விட்டேன். ஒரு கேள்விக்குக் கொடுத்திருந்த நான்கு விடைகளும் பிழை. பிள்ளைகள் விடுவார்களா? அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போதே பென் டிரைவைக் கைவிடுவதென்று முடிவெடுத்தேன்.

இப்போது பாவிப்பது சின்க்திங் (Syncthing). 2013இல் வெளிவந்த, இலவசமான திறந்த மூல மென்பொருள். கூகுள் டிரைவ் போல நடுவில் ஒரு சேர்வரில் கோப்பைச் சேமித்து வைக்காது. ஒரு கணினியிலிருந்து மற்றதற்கு அனுப்பும். இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் கோப்புகள் வீட்டு ரவுட்டரைத் தாண்டிப் போகாது, டேட்டா பெக்கேஜ் கரையாது. எனக்கு அது ஒன்றே போதும். ஆனால் இரண்டு கணினியும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தால்தான் வேலை நடக்கும். இது பிடிக்காதவர்கள் கூகுள் டிரைவிலேயே இருக்கலாம், தப்பில்லை.

தொடங்குமுன்

முக்கியமான கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்துவிடுங்கள். இரண்டு கணினியிலும் திகதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். எந்தப் பிரதி புதியது என்பதை மென்பொருள் சில இடங்களில் நேரத்தை வைத்துத்தான் தீர்மானிக்கும்.

நிறுவுதல்

விண்டோஸ் என்றால் சின்க்திங்கின் சொந்த இணையத்தளத்திலிருந்தே போய் 'சின்க்திங் விண்டோஸ் செட்அப்' என்பதை இறக்குங்கள். கணினியைத் திறந்ததும் தானாக ஓடும்படி அமைக்க அதிலேயே வழி உண்டு. உபுண்டுக்காரர்களுக்கு வழக்கமான மென்பொருள் களஞ்சியத்திலேயே கிடைக்கும். ஃபயர்வால் அனுமதி கேட்டால் 'பிரைவேட் நெட்வேர்க்' என்பதற்குக் கொடுங்கள்.

தனியாக ஒரு விண்டோ வரும் என்று காத்திருக்க வேண்டாம். பிரவுசரில் 127.0.0.1:8384 என்று அடியுங்கள், அதுதான் கட்டுப்பாட்டுப் பக்கம். இணையத்தளம் போலத் தெரிந்தாலும் அது உங்கள் கணினிக்குள்ளேயே ஓடுகிறது. கடவுச்சொல் வைக்கச் சொல்லி எச்சரிக்கை வந்தால் வைத்துவிடுங்கள்.

இரண்டையும் அறிமுகப்படுத்துதல்

ஒவ்வொரு கணினிக்கும் ஓர் அடையாள எண் உண்டு: எழுத்தும் இலக்கமும் கலந்து 56, ஏழேழாக எட்டுக் கட்டு. பயப்பட வேண்டாம், கையால் அடிக்கத் தேவையில்லை. மடிக்கணினியில் 'ஆட் ரிமோட் டிவைஸ்' என்பதை அழுத்துங்கள். இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் மற்றக் கணினியின் எண் அங்கேயே தெரியும். அதைத் தெரிவுசெய்து சேமியுங்கள். கொஞ்ச நேரத்தில் மேசைக்கணினியின் பக்கத்தில் 'இன்னார் இணையக் கேட்கிறார்' என்பதுபோல் ஓர் அறிவித்தல் வரும், ஏற்றுக்கொள்ளுங்கள். இரு பக்கமும் சம்மதித்தால்தான் இணைப்பு. எண் தெரிந்தவர் எல்லாம் உள்ளே வந்துவிட முடியாது.

கோப்புறை

முழு 'டொக்யுமெண்ட்ஸ்' கோப்புறையையும் முதல்நாளே பகிர வேண்டாம். 'வகுப்பு' என்று புதிதாக ஒன்றை உருவாக்கி, 'ஆட் ஃபோல்டர்' வழியாகச் சேர்த்து, 'ஷேரிங்' பகுதியில் மற்றக் கணினிக்கு நேரே சரி போடுங்கள். மற்றப் பக்கம் கேட்கும்போது எங்கே வைப்பதென்று காட்டுங்கள். இனி அதற்குள் ஒரு சின்னக் கோப்பைப் போட்டுப் பாருங்கள். மற்றதில் வந்து, இரண்டிலும் பச்சை நிறத்தில் 'அப் டு டேட்' என்று தெரிந்தால் சரி. மிச்சத்தை அப்புறம் நகர்த்தலாம்.

அழிப்பதும் பயணம் போகும்

புதியவர்கள் சறுக்கும் இடம் இது. மடிக்கணினியில் ஒரு கோப்பை அழித்தால் மேசைக்கணினியிலும் அது போய்விடும். ஒத்திசைவு வேறு, காப்புப்பிரதி வேறு. வெளி ஹார்ட் டிஸ்க்கை ஓய்வெடுக்க விடாதீர்கள்.

ஓரளவு பாதுகாப்புக்குக் கோப்புறையின் 'எடிட்' பக்கத்தில் 'ஃபைல் வெர்ஷனிங்' உண்டு. தொடக்கத்தில் 'ட்ராஷ் கேன்' வகையே போதும். ஒன்றைக் கவனியுங்கள்: மற்றக் கணினியிலிருந்து வந்த மாற்றத்துக்கு முந்திய பிரதியைத்தான் இது வைத்திருக்கும். நீங்கள் இதே கணினியில் அழித்ததை இதே கணினியில் தேடினால் கிடைக்காது, மற்றதில்தான் இருக்கும். அதனால் இரண்டிலும் தனித்தனியே இயக்க வேண்டும். நான் ஒன்றில் மட்டும் போட்டுவிட்டு ஒரு மாதம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்!

ஒரே கோப்பை இரண்டு இடத்திலும் திருத்தினால்

வகுப்பில் திருத்திவிட்டு, வீட்டுக்கு வந்து மடிக்கணினியைத் திறக்காமலே மேசைக்கணினியில் அதே தாளைத் திருத்தினால் மோதல்தான். சின்க்திங் இரண்டையும் வைத்திருக்கும். கடைசியாகத் திருத்திய நேரம் பழையதாக உள்ள பிரதியின் பெயரில் 'சின்க் கான்ஃப்ளிக்ட்' என்றும் திகதியும் நேரமும் சேரும். அவசரப்பட்டு அழிக்காமல், இரண்டையும் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள். நான் வீட்டுக்குள் வந்ததும் மடிக்கணினியைத் திறந்து வைத்துவிட்டுத்தான் தேநீருக்குப் போவேன். திரும்பி வரும்போது பச்சை விழுந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போனாலும் பரவாயில்லை, வந்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் வேர்டில் சேமிக்காமல் இருந்ததை யாரும் காப்பாற்ற முடியாது.

டேட்டா

வெளியே ஃபோன் ஹொட்ஸ்பொட்டில் இணைந்தால் சின்க்திங் இணையம் வழியாகவும் மற்றக் கணினியைத் தேடிப் பிடித்துவிடும். கோப்புகள் மறைகுறியாக்கப்பட்டே போகும், அதில் பயமில்லை. பயம் டேட்டாவுக்குத்தான். 'செட்டிங்ஸ்', 'கனெக்ஷன்ஸ்' பகுதியில் 'குளோபல் டிஸ்கவரி', 'ரிலேயிங்' இரண்டையும் இரு கணினிகளிலும் எடுத்துவிடுங்கள். 'லோக்கல் டிஸ்கவரி' இருக்கட்டும். அதன்பின் பெரும்பாலும் வீட்டு வைஃபையில் மட்டும்தான் இரண்டும் பேசிக்கொள்ளும்.

எல்லாம் செய்த பிறகும் என் பழைய வினாத்தாள் ஒன்று மடிக்கணினியில் கிறுக்கல் கிறுக்கலாகத் திறந்தது. கோப்பு கெட்டுவிட்டதென்று அரைமணி நேரம் தலையைப் பிய்த்தேன். கோப்பில் ஒரு குறையும் இல்லை, பாமினி எழுத்துருதான் அந்தக் கணினியில் இல்லை. கோப்பு வரும், எழுத்துரு வராது. அதைக் கையால்தான் நிறுவ வேண்டும்.