குழந்தைக்குப் பேச்சு திக்கினால்: வீட்டில் தமிழை நிறுத்த வேண்டாம், உதவி கேட்கத் தாமதிக்க வேண்டாம்

புதிய நாட்டுக்கு வந்த சில மாதங்களில் குழந்தைக்குப் பேச்சு திக்கத் தொடங்கினால், இடம் மாற்றியதால்தான் இப்படி ஆயிற்று, இரண்டு மொழிகளைப் போட்டுக் குழப்பிவிட்டோம் என்று பெற்றோர் தங்களையே நொந்துகொள்கிறார்கள். திக்குவாய் பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள், குழந்தை சொற்களைக் கோத்துப் பேசப் பழகும் பருவத்தில் தலைகாட்டுகிறது. உங்கள் பயணமும் அதே வயதில் அமைந்துவிட்டது, அவ்வளவுதான். பரம்பரைக்கும், மூளை பேச்சை ஒருங்கிணைக்கும் விதத்துக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. இரு மொழி கேட்டு வளர்வதால் திக்குவாய் வருவதில்லை.

ஆகவே, யார் சொன்னாலும் வீட்டில் தமிழை நிறுத்தாதீர்கள். "கொஞ்ச நாள் ஆங்கிலம் மட்டும் பேசிப் பாருங்களேன்" என்று நல்லெண்ணத்தோடு சொல்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். புது இடத்தில் பொறுப்பில் உள்ள ஒருவர் சொன்னால் நாமும் உடனே தலையாட்டிவிடுகிறோம். ஏற்கெனவே பேசத் தடுமாறும் குழந்தையிடமிருந்து, அது மனம்விட்டுப் பேசும் மொழியையும் பறித்துவிடக் கூடாது.

"எனக்கு, எனக்கு, அந்தப் பெரிய பந்து" என்று முழுச் சொல்லைத் திரும்பச் சொல்லித் தயங்குவது எல்லாச் சிறு குழந்தைகளிடமும் உண்டு. புதிய மொழியில் சொல் தேடும் குழந்தையிடம் அது கூடுதலாகவே இருக்கும். "ப-ப-ப-பந்து" என்று முதல் ஒலி உடைவது, "ம்ம்ம்மாமா" என்று நீள்வது, வாய் திறந்திருந்தும் சத்தமே வராமல் அடைத்துக்கொள்வது: இவைதான் திக்கல். கண்ணை இறுக மூடுவது, காலால் தரையைத் தட்டுவது, பாதியில் "வேண்டாம், போ" என்று விட்டுவிடுவது எல்லாம் குழந்தை அதோடு போராடுவதைக் காட்டுகின்றன. தலையில் அடிபட்ட பிறகு திடீரென்று பேச்சு தடுமாறினால் மட்டும் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

ஏறக்குறைய 100 குழந்தைகளில் 5 பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் திக்கல் வருகிறது. அவர்களில் பெரும்பாலோருக்குத் தானாகவே போய்விடுகிறது. ஆனால் யாருக்குப் போகும், யாருக்கு நீடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. குடும்பத்தில் வேறு யாருக்காவது திக்குவாய் நீடித்திருந்தாலோ, ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்தாலோ, குழந்தை பேசவே தயங்கினாலோ பொறுத்துப் பார்க்க வேண்டாம். பல ஊர்களில் பேச்சு சிகிச்சையாளரைப் பார்ப்பதற்கான காத்திருப்புப் பட்டியல் நீளமானது. இன்றே பெயரைப் பதியுங்கள். அதற்குள் சரியாகிவிட்டால் விலக்கிக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மாநிலத்தின் ஆரம்பகால உதவித் திட்டத்தையும், அதற்கு மேல் உங்கள் பகுதியின் அரசுப் பள்ளி நிர்வாகத்தையும் அணுகலாம். குழந்தை இன்னும் பள்ளியில் சேராவிட்டாலும், பேச்சை மதிப்பிடும்படி எழுத்து மூலம் கேளுங்கள், கட்டணம் இல்லை. பிரிட்டனில் ஹெல்த் விசிட்டரிடமோ (சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்களைக் கவனிக்கும் செவிலியர்) குடும்ப மருத்துவரிடமோ சொல்லலாம், பல பகுதிகளில் பெற்றோரே நேரடியாகப் பதியலாம். மற்ற நாடுகளில் குடும்ப மருத்துவரிடமிருந்து தொடங்குங்கள். பதியும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். மூத்த பிள்ளையை அந்த வேலைக்கு வைக்காதீர்கள்.

திக்கல் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். வீட்டில் திணறும் குழந்தை, சிகிச்சையாளர் முன்னால் கடகடவென்று பேசிவிடுவதும் உண்டு. அதனால் விளையாடும்போதும் கதை சொல்லும்போதும் தமிழில் பேசுவதை போனில் பதிவு செய்து எடுத்துப்போங்கள். தமிழ் தெரியாத சிகிச்சையாளருக்கு எது சொல் தேடும் தயக்கம், எது திக்கல் என்று பிரித்தறிய அது உதவும்.

சிறு குழந்தைகளுக்கான சிகிச்சையில் பெரும்பகுதி பெற்றோர் கையில்தான் இருக்கிறது. சிட்னியில் உருவான லிட்கோம் முறையில் சிகிச்சையாளர் சொல்லித்தர, பெற்றோரே தினமும் வீட்டில் செய்கிறார்கள். பயிற்சி இல்லாமல் பார்த்துப் படித்துத் தொடங்கிவிடாதீர்கள். "இதை வீட்டில் தமிழில் செய்யலாமா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

அழைப்பு வரும்வரை, குழந்தை பேசும்போது வேலையை நிறுத்தி முகத்தைப் பாருங்கள். சொல்லை நீங்கள் முடித்துக்கொடுக்காதீர்கள். "மெதுவாகச் சொல், மூச்சை இழுத்துவிட்டுச் சொல்" என்பது அன்பாகச் சொன்னாலும் குழந்தைக்குத் திருத்தமாகவே படுகிறது. மெதுவாகப் பேச வேண்டியவர்கள் நாம்தான். வீடியோ அழைப்பில் "பாட்டிக்குப் பாட்டுப் பாடிக் காட்டு" என்று வற்புறுத்துவதை நிறுத்துங்கள். பாட்டியிடமும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். குழந்தையே "எனக்கு ஏன் வரமாட்டேன் என்கிறது?" என்று கேட்டால் பேச்சை மாற்றாதீர்கள். "சில சமயம் சொல் மாட்டிக்கொள்ளும், பரவாயில்லை, நான் கேட்கிறேன்" என்றால் போதும்.

பள்ளி ஆசிரியரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். வருகைப் பதிவில் பெயர் கூப்பிடும்போது கையை உயர்த்தினால் போதும் என்று அனுமதிக்கலாம். வகுப்பில் யாராவது கேலி செய்தால் அன்றே உங்களுக்குத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.