ஸ்பானிஷ் படிக்க இங்கிலிஷ் எதற்கு?

ஓகஸ்ட் விடுமுறைக்கு ஸ்பெயின்காரர்கள் திருகோணமலை உப்புவெளிப் பக்கம் வரத் தொடங்குவார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பே, புறாத்தீவுக்குப் படகு பேசிக் கொடுக்கும் பெடியன்கள் கொப்பியும் கையுமாக ஸ்பானிஷ் படிக்க என்னிடம் வந்துவிடுவார்கள். கொப்பியைத் திறந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பக்கத்துக்கு மூன்று பத்தி: ஸ்பானிஷ், இங்கிலிஷ், தமிழ். என் பழைய கொப்பியும் அப்படித்தான் இருந்தது.

வணக்கம் சொல்லும் ‘ஓலா’வை ‘ஹோலா’ என்பது போன்ற சில்லறைப் பிழைகள் பழகப் பழகப் போய்விடும். அவற்றை விடுகிறேன்.

இங்கிலிஷைச் சுற்றிக்கொண்டு போவது

நான் கெஸ்ட்ஹவுஸில் வேலை பார்த்த முதல் சீசன். ஒரு ஸ்பானியப் பெண்மணி காலையில் சோர்ந்துபோய் வந்து ‘எஸ்தோய் கொன்ஸ்திபாதா’ என்றார். எனக்கு இங்கிலிஷ் தெரியுமே! ‘கொன்ஸ்டிபேஷன்’, அதாவது மலச்சிக்கல் என்று முடிவுகட்டி, பெரிய பப்பாசி ஒன்றை வெட்டி வைத்தேன். படகையும் நிறுத்தச் சொன்னேன். அவர் மூக்கைச் சீந்திக்கொண்டே பப்பாசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஸ்பெயினில் அந்தச் சொல்லுக்குத் தடிமன் என்று அர்த்தம். கொத்தமல்லித் தண்ணி கொடுக்க வேண்டிய இடம். படகுக்காரருக்கு எண்ணெய்க் காசு என் சம்பளத்திலிருந்து போனது.

அது ஒரு நாள் நட்டம். இலக்கணத்தில் போனது ஒரு வருடம். ‘எனக்கு மீன் பிடிக்கும்’ என்பதை ஸ்பானிஷில் ‘மே குஸ்தா எல் பெஸ்காதோ’ என்பார்கள். ‘மே’ என்றால் ‘எனக்கு’. நம் வாக்கியமேதான், சொல் வரிசை மட்டும் வேறு. இங்கிலிஷில் ‘நான்’ முன்னால் வந்து நிற்பதால், நம் பெடியன்கள் ‘நான்’ என்ற ‘யோ’வைப் போட்டு ‘யோ குஸ்தோ’ என்று தொடங்கித் தடுமாறுகிறார்கள். புறாத்தீவில் பவளப்பாறை வெட்டிக் கால் நோகிறதா? ‘மே துவேலே எல் பியே’: எனக்குக் கால் நோகுது. இதைப் புரிந்துகொள்ளத் தமிழனுக்கு ஒரு நிமிடம் போதும். நான் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தேன்.

வினைச்சொல்லும் அப்படித்தான். ‘பேசுகிறேன்’ என்றாலே பேசுவது நான் என்று தெரிகிறது. ‘ஆப்லோ’ என்றாலும் தெரிகிறது. பிறகு ஏன் வாக்கியத்துக்கு வாக்கியம் ‘யோ, யோ’? உச்சரிப்பையும் இங்கிலிஷ் எழுத்துத்தான் கெடுக்கிறது. ‘நீ’ என்பதற்கு அவர்கள் சொல்லும் ‘தூ’வில் வருவது நம் ‘த’, ‘டூ’ அல்ல. ‘ஒன்றுமில்லை’ என்ற ‘நாதா’வில் வருவது ‘காது’வில் வரும் அதே மெல்லிய ஒலி.

அமெரிக்க வெளியுறவுத்துறை தன் அதிகாரிகளுக்கு ஸ்பானிஷ் கற்பிக்க ஏறத்தாழ 30 வாரமும், தமிழ் கற்பிக்க 44 வாரமும் கணக்கு வைத்திருக்கிறது. இங்கிலிஷ் பேசி வளர்ந்தவர்களுக்கான கணக்கு அது. ‘ஸ்பானிஷ் சுலபம்’ என்பதும் அவர்கள் பேச்சு. நமக்கு வேறு இடங்கள் சுலபம், வேறு இடங்கள் கஷ்டம். வினையை வாக்கியத்தின் நடுவில் வைக்க மட்டும் இங்கிலிஷ் கொஞ்சம் உதவும், மறுக்கவில்லை.

சொற்களுக்கும் இங்கிலிஷிடம் ஓட வேண்டாம். கோணேசர் மலையில் கோட்டை கட்டிய போர்த்துக்கேயர் மேசை, சப்பாத்து, அலுமாரி எல்லாம் நம் வீட்டுக்குள் விட்டுப் போயிருக்கிறார்கள். போர்த்துக்கேயத்துக்கு நெருங்கிய ஸ்பானிஷில் அவை மேசா, ஸபாத்தோ, ஆர்மாரியோ.

‘செர்’, ‘எஸ்தார்’ குழப்பம்

இங்கிலிஷின் ‘இஸ்’, ‘ஆம்’ வரும் இடத்துக்கு ஸ்பானிஷில் இந்த இரண்டு வினைகள். தமிழில் ‘இரு’ வந்தால் பெரும்பாலும் ‘எஸ்தார்’: வீட்டில் இருக்கிறேன், களைப்பாக இருக்கிறேன். ‘அவர் ஆசிரியர்’ என்று வினையே இல்லாமல் நின்றால் ‘செர்’. ‘உயரமாக இருக்கிறாள்’ என்ற இடத்தில் இந்தக் கணக்கு பிழைக்கும், அங்கேயும் ‘செர்’தான்.

மேசைக்குப் பால் உண்டா

உண்டு, பெண்பால். பெண்பாலைக் காட்டும் ‘லா’வோடு ‘லா மேசா’ என்று சேர்த்தே படியுங்கள்.

ஆப்

போனில் மொழி படிக்கும் ஆப்களை பஸ்ஸில் போகும்போது பார்க்கலாம்.

அழுத்தம்

தமிழில் எந்த அசையை அழுத்தினாலும் பொருள் மாறாது. ஸ்பானிஷில் மாறும். ‘தே குஸ்தோ?’ என்பதில் கடைசி அசையை அழுத்தினால் ‘பிடித்ததா?’ முதல் ‘கு’வை அழுத்தினால் ‘என்னை உனக்குப் பிடிக்கிறதா?’ போன சீசனில் என்னிடம் படித்த ஒரு பெடியன் மீன்குழம்புச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, மனைவியோடு உட்கார்ந்திருந்த ஒருவரிடம் இரண்டாவதைக் கேட்டுவிட்டான். மனைவிதான் முதலில் சிரித்தார். அதற்குப் பிறகு அவன் கொப்பியில் அழுத்த வேண்டிய அசைக்குக் கீழே எல்லாம் சிவப்புக் கோடு. மூன்று பத்தி மட்டும் இன்னும் மாறவில்லை.