கந்தோர் முடிந்தபின் இருவராகக் கேம் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

4.15க்குக் கந்தோர் முடிந்து, வீட்டுக்குப் போய், பிள்ளைகளின் படிப்பையும் தோட்டத்தையும் பார்த்த பிறகு மிஞ்சுவது ஒன்றரை மணித்தியாலம். கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ புதுக்குடியிருப்பிலோ ஒரே இடத்தில் வேலை பார்க்கும் இருவர் சேர்ந்து ஒரு சின்னக் கேம் செய்ய வெளிக்கிட்டால், அவர்களிடம் உள்ள முதல் அவ்வளவுதான். காசு போனால் பிறகு சேர்க்கலாம். அந்த ஒன்றரை மணித்தியாலம் போனால் அடுத்த நாள்தான்.

பெரிய கேமில் கை வைக்காதீர்கள், ஒன்லைனில் நூறு பேர் விளையாடும் கேம் முதலில் வேண்டாம் என்பதெல்லாம் எல்லோரும் சொன்னவை. அவற்றை இங்கே விட்டுவிடலாம். புதிதாகத் தொடங்கும் சோடிகள் ஒவ்வொன்றும் அதே இடத்தில் தடுக்கி விழுவதைப் பார்க்கும்போது சொல்லாமல் இருக்க முடியாதவை மட்டும் கீழே.

ஃபோல்டரைக் கொப்பி பண்ணிக் கைமாற்றுவது

எல்லாவற்றிலும் விலை கூடிய தவறு இதுதான். தவிர்க்க ஒரு சதமும் செலவில்லை, அப்படியிருந்தும் இன்றைக்கும் நடக்கிறது என்பதுதான் எரிச்சல்.

நடக்கும் விதம் எப்போதும் ஒன்று. செவ்வாய்க்கிழமை ஒருவர் புரொஜெக்ட் ஃபோல்டரைப் பென்ட்ரைவில் போட்டு மற்றவரிடம் கொடுக்கிறார். வாங்கியவர் அன்றிரவு கேமில் வயலுக்குள் வரும் யானையின் நடமாட்டத்துக்குக் ‘கோட்’ எழுதுகிறார். கொடுத்தவர் அதே இரவு தன்னிடம் உள்ள பிரதியில் இரண்டாம் லெவலை அடுக்குகிறார். புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில், “மச்சான், என்ரதை உன்ரதுக்கு மேல போட்டுவிடு” என்று ஒரு வார்த்தை. விண்டோஸ் பழையதை மாற்றவா என்று கேட்கிறது, ஓம் என்று அழுத்துகிறார்கள். யானை பழையபடி மரத்துக்குள்ளால் நடக்கிறது. அன்றே கண்டால் திருத்தலாம். பெரும்பாலும் ஒரு கிழமை கழித்துத்தான் கண்ணில் படும். அதற்குள் மேலும் இரண்டு மூன்று தடவை கொப்பி நடந்திருக்கும், அந்த இரவின் வேலை எந்த லப்டொப்பிலும் இருக்காது. பிறகு “நீ அழிச்சியா, நான் அழிச்சேனா” என்ற கதை. அடுத்த நாள் காலையில் பக்கத்து மேசையில் இருக்க வேண்டிய ஆளோடு இந்தக் கதை வரவே கூடாது.

கூகுள் டிரைவில் ஃபோல்டரைப் பகிர்ந்தால் இது தீரும் என்று நம்புபவர்கள் இருக்கிறார்கள். தீராது. யூனிட்டி என்ற எஞ்சினின் (கேம் செய்யும் மென்பொருள்) ‘லைப்ரரி’ ஃபோல்டருக்குள் ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் உண்டு, எடிட்டர் திறந்திருக்கும் நேரமெல்லாம் அவை மாறிக்கொண்டே இருக்கும். டிரைவ் அவற்றை ஒவ்வொன்றாக ஏற்றும், போன் டேட்டா கரைந்து போகும். ஒரே கோப்பை இருவரும் மாற்றினால் பெயருக்குப் பின்னால் 1 என்று போட்டு இரண்டாவது பிரதி ஒன்றை உருவாக்கிவிடும். ஸ்கிரிப்டுக்கு அப்படி நடந்தால் ஒரே கிளாஸ் பெயர் இரண்டு இடத்தில் இருக்கும், கேம் ஓடாது. பிழைச் செய்தியைப் பார்த்துப் புதியவர் ‘கோட்’டைத் திருத்தப் போவார். ‘கோட்’டில் ஒரு பிழையும் இருக்காது.

தேவை கிட். ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்போது, எந்த வரியில் செய்தார் என்று வரலாறாக வைத்திருக்கும், இருவரின் வேலையையும் ஒன்றன்மேல் ஒன்று அழியாமல் சேர்க்கும். கட்டளை எழுதப் பயமென்றால், அந்த வரலாற்றை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளத்தின் ‘கிட்ஹப் டெஸ்க்டொப்’ மென்பொருள் போதும். ஒருவர் புதிய ரெப்போசிட்டரி (சுருக்கமாக ரெப்போ, புரொஜெக்டும் அதன் வரலாறும் இருக்கும் இடம்) ஒன்றைத் திறக்கும்போதே ‘கிட் இக்னோர்’ பட்டியலில் உங்கள் எஞ்சினின் பெயரைத் தெரிவு செய்ய வேண்டும். ரெப்போவைப் பிரைவேட்டாக வைத்து மற்றவரைக் கூட்டாளியாகச் சேர்க்க வேண்டும். 2020 முதல் பிரைவேட் ரெப்போவுக்கு எத்தனை பேரைச் சேர்த்தாலும் இலவசம். மற்றவர் அதைக் ‘குளோன்’ செய்து எடுப்பார். அதன் பிறகு ஒவ்வொரு இரவும் ஒரே ஒழுங்கு: தொடங்க முன் புல் (மற்றவரின் மாற்றங்களை இறக்குவது), வேலை, கேமை ஒருமுறை ஓடவிட்டுப் பார்ப்பது, கொமிட் (மாற்றத்தை உங்கள் லப்டொப்பின் வரலாற்றில் பதிவது), புஷ் (பதிந்ததை மற்றவருக்காக ஏற்றுவது). வேலைக்குப் பிறகு புல் செய்வது அல்ல, வேலைக்கு முன். இருவரும் ஒரே இடத்தை மாற்றியதால் கிட் சேர்க்க முடியாமல் நிற்கும் முரண்பாடுகளில் பாதி, இந்த ஒரு வரிசையை மாற்றுவதால்தான் வருகின்றன.

எதை உள்ளே போடுவது, எதை வெளியே விடுவது என்பதிலும் தவறு நடக்கும். யூனிட்டியில் ‘லைப்ரரி’ வெளியே, ஒவ்வொரு கோப்போடும் கூடவரும் ‘மெட்டா’ கோப்பு கட்டாயம் உள்ளே. மெட்டா போகாவிட்டால் மற்றவரின் லப்டொப்பில் புதிய அடையாள எண் உருவாகி, படங்களும் ஸ்கிரிப்டுகளும் இணைப்பு அறுந்து ‘மிஸ்ஸிங்’ என்று நிற்கும். கோடோ என்ற இன்னொரு எஞ்சினின் 4ஆம் பதிப்பில், புள்ளியில் தொடங்கும் ‘கோடோ’ ஃபோல்டர் வெளியே, ‘இம்போர்ட்’ கோப்புகள் உள்ளே. 4.4 பதிப்பிலிருந்து ஸ்கிரிப்டுகளோடு வரும் ‘யூஐடி’ கோப்புகளும் உள்ளேதான், குப்பை என்று நினைத்து அழிக்க வேண்டாம். 100 எம்பிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பைக் கிட்ஹப் ஏற்காது. ஆகவே லேயர்களோடு உள்ள பெரிய ஓவிய மூலங்களையும் நீண்ட ஒலிப்பதிவுகளையும் வேறிடத்தில் வையுங்கள்.

கிட் இருந்தாலும் ஒரு காட்சிக் கோப்பை (எஞ்சினில் ‘சீன்’ எனப்படுவது) இருவரும் ஒரே இரவில் திருத்தக் கூடாது. ஸ்கிரிப்டில் முரண்பாடு வந்தால் வரியைப் பார்த்துத் தீர்க்கலாம். காட்சிக் கோப்பில் வந்தால் ஒருவரின் வேலையைத் தூக்கி எறிவதில்தான் பெரும்பாலும் முடியும். படத்தையும் ஒலியையும் கிட் ஒன்றுசேர்க்கவே மாட்டாது. ஆகவே முதல் கிழமையிலேயே துண்டாக்குங்கள்: வீரர் ஒரு காட்சி, யானை ஒரு காட்சி, ஒவ்வொரு லெவலும் தனித்தனி, மெனு தனி. “லெவல் 2 நான் எடுத்திருக்கிறன், தொடாதை” என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும். மற்றவரின் காட்சியைப் பார்க்கத் திறந்தால் சேமிக்காமல் மூடுங்கள். ஒன்றுமே மாற்றாமல் சேமித்தாலும் எடிட்டர் சில வரிகளை மாற்றி எழுதக்கூடும்.

சிக்னல் இல்லை, கரண்ட் போய்விட்டது என்பது இங்கே காரணமாகாது. கொமிட் செய்ய இணையம் தேவையில்லை, புஷ்ஷுக்கு மட்டுமே தேவை. இரவில் கொமிட், காலையில் சிக்னல் உள்ள இடத்தில் புஷ். இணையமே இல்லாவிட்டாலும், வரலாறு மட்டும் உள்ள வெற்று ரெப்போ ஒன்றைப் பென்ட்ரைவில் உருவாக்கி, அதற்குப் புஷ், அதிலிருந்து புல் செய்யலாம். பென்ட்ரைவைப் பயன்படுத்துவதென்றால் இப்படித்தான்.

கொமிட் செய்தியில் ‘மாற்றம்’ என்று எழுதுவதால் பயனில்லை. ‘யானை வேலியில் சிக்கி நிற்பதைச் சரிசெய்தது’ என்று எழுதினால் மூன்று மாதம் கழித்தும் தேடி எடுக்கலாம்.

வாட்ஸ்அப்பில் படத்தைப் போட்டோவாக அனுப்புவது

பின்னணி இல்லாத பிஎன்ஜி படம் ஜேபெக்காக மாறிப் பின்னணியோடு வரும், தரமும் குறையும். டொக்கியுமென்டாக அனுப்புங்கள். அதைவிட ரெப்போவிலேயே போடுங்கள்.

தமிழ் எழுத்தைக் கடைசிக்கு வைப்பது

கேமை ஆங்கில எழுத்தில் செய்து முடித்து, வெளியிடுவதற்கு முந்திய கிழமையில் தமிழைப் போட்டுப் பார்ப்பவர்கள் எஞ்சினையே மாற்ற வேண்டிய நிலைக்கு வருகிறார்கள். யூனிகோட்டில் மெய் முதலில், உயிர்க்குறி பிறகு சேமிக்கப்படும். ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் முன்னால் கொண்டுவந்து காட்டுவது எழுத்துருவோடு வேலை செய்யும் இன்னொரு மென்பொருட் பகுதி. அது இல்லாத எஞ்சினில் ‘கேணி’ என்று எழுதினால் கொம்பு ககரத்தை விட்டு ணகரத்தின் முன்னால் போய் நிற்கும். கோடோ 4இல் அந்தப் பகுதி உள்ளேயே உண்டு. கோடோ 3இல் இல்லை. யூனிட்டியில் பலரும் பாவிக்கும் டெக்ஸ்ட்மெஷ் புரோவும் தானாக இதைச் செய்யாது.

அங்கே அகப்பட்டவர்கள் பாமினிக்கு ஓடுகிறார்கள். கந்தோர்களில் பழகிய எழுத்துருதான், கொம்பும் சரியான இடத்தில் நிற்கும். ஆனால் கோப்புக்குள் இருப்பது தமிழல்ல, ஆங்கில எழுத்துக் குவியல். தேடல் வேலை செய்யாது, எழுத்துருவை மாற்ற முடியாது, ஆங்கிலமும் தமிழும் கலந்த வரி வந்தால் ஆங்கிலச் சொல் சிதைந்துவிடும். பாமினி வேண்டாம். நோட்டோ சான்ஸ் தமிழ் திறந்த உரிமத்தில் கிடைக்கிறது, கேமோடு சேர்த்து வெளியிடலாம்.

எஞ்சினைத் தெரிவு செய்த அன்றே ஒரு வெற்றுக் காட்சியில் ‘கிளிநொச்சிக் குளக்கட்டில் மழை பெய்யும் வேளை’ என்று போட்டுப் பாருங்கள், கூடவே ‘ஸ்ரீ’, ‘க்ஷ’, ‘கௌ’, ‘ஞூ’. அதைப் போனிலும் பாருங்கள்.

உரையாடல் ஒவ்வொரு எழுத்தாகத் தோன்றும் விதத்தில் எழுதுபவர்கள் இன்னொரு இடத்தில் விழுவார்கள். ‘தமிழ்’ நமக்கு 3 எழுத்து, கணினிக்கு 5 குறி. குறியை எண்ணிக் காட்டினால் முதலில் ‘தம’ வந்து பிறகுதான் விசிறி ஒட்டும், ‘ழ’ வந்து பிறகுதான் புள்ளி விழும். வாசிப்பவரின் கண் ஒவ்வொரு சொல்லிலும் இடறும். கோடோவின் ரிச்டெக்ஸ்ட் லேபலில், தெரியும் எழுத்துகளை எப்படி எண்ணுவது என்ற அமைப்பில் ‘கிளிஃப்ஸ்’ என்று தொடங்கும் தெரிவுக்கு மாற்றிப் பாருங்கள்.

பிக்சல் ஓவியக் கேம் என்றால் 8 பிக்சல் உயரத்தில் ஆங்கிலம் வாசிக்கலாம், தமிழை வாசிக்க முடியாது. 320க்கு 180 அளவில் கேம் செய்து, அதைத் திரை அளவுக்குப் பெருக்கும் கோடோவின் ஸ்ட்ரெச் மோடை ‘வியூபோர்ட்’ என்று வைத்தால் எழுத்தும் அந்தச் சின்ன அளவிலேயே வரையப்பட்டு ஊதிப் பெருக்கப்படும். ‘கன்வஸ் ஐட்டம்ஸ்’ என்று வைத்தால் எழுத்து திரையின் முழுத் தெளிவில் வரும்.

கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து

விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும், அன்ட்ரொயிட் பார்க்காது. லப்டொப்பில் ஓடிய கேம் போனில் படம் காணாமல் நிற்கும். எல்லாப் பெயரும் சின்ன ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல்.

லப்டொப்பில் மட்டும் ஓடவிட்டுப் பார்ப்பது

உங்கள் கேமை முதலில் விளையாடப் போகும் ஊர்ப் பிள்ளைகளின் கையில் இருப்பது பழைய அன்ட்ரொயிட் போன். கோடோவில் புரொஜெக்டைத் திறக்கும்போதே ரெண்டரரை (காட்சியைத் திரையில் வரையும் பகுதி) ‘கொம்பாட்டிபிலிட்டி’ என்று தெரிவு செய்யுங்கள். ‘ஃபோர்வர்ட் பிளஸ்’ என்ற மற்ற ரெண்டரரில் ஆறு மாதம் வெளிச்சமும் ஷேடரும் செய்துவிட்டு மாற்றினால் பலதையும் திரும்பச் செய்ய வேண்டும். 4096க்கு 4096 பின்னணிப் படம் ஒன்று சுருக்கப்படாமல் நினைவகத்தில் 64 எம்பி பிடிக்கும். அப்படி நான்கு வைத்தால் 2 ஜிபி போன் கேமை மூடிவிடக்கூடும். மூன்று நிமிட ஸ்டீரியோ ‘வேவ்’ ஒலி சுமார் 30 எம்பி, அதையே 128 கேபிபிஎஸ் ‘ஓக்’ ஆக்கினால் 3 எம்பிக்குள். இரண்டு கிழமைக்கு ஒருமுறையாவது போனில் ஏற்றிப் பாருங்கள்.

கந்தோர் லப்டொப்பில் செய்வது

வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, தொழிலின் போக்கில் ஊழியர் உருவாக்கியதன் பொருளாதார உரிமை, ஒப்பந்தத்தில் வேறாகச் சொல்லாதவரை, தொழில்வழங்குநருடையது. வீட்டில் சொந்த நேரத்தில் செய்த கேம் பொதுவாக அதற்குள் வராது. ஆனால் கந்தோர் லப்டொப்பிலும் கந்தோர் மின்னஞ்சலிலும் இருந்தால் அதை நிறுவும் பாடு உங்களுடையது.

இடமாற்றத்தை நினைக்காமல் தொடங்குவது

கந்தோர் நட்பு என்றால் இடமாற்றமும் கூடவே உண்டு. வவுனியாவுக்கோ மட்டக்களப்புக்கோ கடிதம் வந்த பிறகு யாருக்கு எது என்று கதைக்கத் தொடங்கினால் இருவரும் வருத்தப்படுவார்கள். இருவர் சேர்ந்து பிரித்தெடுக்க முடியாதபடி செய்த படைப்பு சட்டப்படி இருவருக்கும் உரியது, ஒருவர் மனம் போனபடி விற்க முடியாது. தொடங்கும் மாதத்திலேயே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள்: வருமானம் வந்தால் எத்தனைக்கு எத்தனை, ஒருவர் விலகினால் மற்றவர் தொடரலாமா, விலகியவரின் பெயர் கேமில் எப்படி வரும், கணக்குகள் யாருடைய பெயரில். ‘கோட்’டும் ஓவியமும் இருவரின் லப்டொப்பிலும் முழுமையாக இருக்க வேண்டும். கேம் உங்களுடையதுதான் என்று காட்டும் அன்ட்ரொயிட் கையொப்பச் சாவிக் கோப்பும் அதன் கடவுச்சொல்லும் இருவரிடமும் இருக்க வேண்டும், ஆனால் ரெப்போவுக்குள் அல்ல.

இணையத்தில் எடுத்த சத்தம்

சத்தங்களை இறக்கக் கிடைக்கும் ஃப்ரீசவுண்ட் தளத்தில் இருப்பதெல்லாம் ஒரே உரிமம் அல்ல. ‘நொன்கொமர்ஷல்’ என்றிருந்தால் விற்கும் கேமில் போடக்கூடாது. ‘அட்ரிபியூஷன்’ என்றால் பெயர் போட வேண்டும். எடுத்த அன்றே பெயரையும் இணைப்பையும் உரிமத்தையும் ஒரு கோப்பில் எழுதுங்கள், பிறகு தேடினால் கிடைக்காது. தவளையும் மயிலும் இரணைமடுக் குளக்கட்டில் காலையிலேயே கிடைக்கும்போது போனைக் கொண்டுபோய் நீங்களே பதிவதுதான் நல்லது. காற்றுக்கு மைக்கைத் துணியால் மூடுங்கள்.

வெளியீட்டு விதிகளைக் கடைசியில் பார்ப்பது

பொங்கலுக்கு வெளியிடுவோம் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு மார்கழிக் கடைசியில் பிளே ஸ்டோர் கணக்குத் திறப்பவர்களுக்குப் பொங்கல் போய்விடும். பதிவுக்கு ஒருமுறை 25 டொலர். 2023 நவம்பர் 13க்குப் பின் திறந்த தனிநபர் கணக்கென்றால் 12 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில் (நீங்கள் சேர்த்தவர்கள் மட்டும் கேமை ஏற்றிப் பார்ப்பது) இருக்க வேண்டும், அதன் பிறகுதான் வெளியிட அனுமதி கேட்கலாம். கணினிக் கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரு கேமுக்கு 100 டொலர், கட்டிய நாளிலிருந்து 30 நாள் காத்திருப்பு, ‘விரைவில்’ பக்கம் குறைந்தது 2 கிழமை திறந்திருக்க வேண்டும். இட்ச் தளத்தில் ஏற்றக் காசில்லை, அன்றே வெளியிடலாம். முதல் கேமை அங்கே ஏற்றிவிட்டு, அந்த 12 பேரையும் கந்தோரிலும் சொந்தத்திலும் இப்போதே கேட்டு, அவர்களின் ஜிமெயில் முகவரிகளை வாங்கி வையுங்கள்.