கத்திரி வெயிலில் பாக்கி வேலையை முடிப்பது எப்படி? சென்னை மொட்டைமாடிக்காரர்களுக்கு ஒரு செய்முறை

முழுப்பரீட்சை, ஊருக்குப் போய் வந்தது, சித்திரை வைகாசிக் கல்யாணங்கள் என்று ஏப்ரலும் மேயும் ஓடிவிடும். நிமிர்ந்து பார்த்தால் வீட்டில் எல்லாமே பாக்கி. தலையணையில் வியர்வை வாடை, துவரம்பருப்பு டப்பாவில் வண்டு, மிளகாய்த்தூள் அடியில் ஒரு கரண்டி, பரணில் போன மழைக்காலத்து ஈரவாடையோடு ஒரு மூட்டைப் போர்வை, வடாம் டின் காலி. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் இதில் எதையும் தொட முடியாது. இதையெல்லாம் ஒரு வார இறுதியிலும் அதையடுத்த சில காலைகளிலும் எப்படி முடிப்பது என்பதற்குத்தான் இந்தப் பதிவு. பெருக்குவது, துவைப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

அக்னி நட்சத்திரம் பெரும்பாலும் மே 4-லிருந்து 28 வரை. அது முடிந்தால் வெயிலும் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். சென்னையில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது 2003 மே 31 அன்று, அதாவது கத்திரி கழிந்த பிறகு. காலண்டரில் 'நிவர்த்தி' என்று போட்டிருந்தாலும் தாராளமாக வடாம் போடலாம்.

முதலில் காற்றைப் பாருங்கள்

யூடியூபில் வடாம் போடுகிறவர்கள் பலரும் 'நல்ல வெயிலில் காயவிடுங்கள்' என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். மதுரையிலோ சேலத்திலோ அது போதும். சென்னையில் போதாது. இங்கே காலையில் மேற்கேயிருந்து வறண்ட தரைக்காற்று அடிக்கும். மதியவாக்கில் கடல்காற்று உள்ளே வரும். நமக்கு அது வரம்தான், ஆனால் கூடவே ஈரத்தையும் கொண்டுவரும். வெயில் அதே வெயில்தான், இருந்தாலும் காய்வது மந்தமாகிவிடும். பாதி காய்ந்த பொருள் மறுபடி பிசுபிசுக்கும்.

எத்தனை மணிக்குக் காற்று திரும்பும் என்று கடிகாரம் சொல்லாது. திருவல்லிக்கேணி, பெசன்ட் நகர்க்காரர்களுக்குச் சீக்கிரம் வரும். நான் இருப்பது ஆதம்பாக்கம், மீனம்பாக்கத்துக்குப் பக்கம், இங்கே தாமதமாகத்தான் வரும். மேற்கேயிருந்து வரும் தரைக்காற்று பலமாக இருக்கிற நாளில் சாயங்காலம் வரைக்கும் வராமலே போகும். அன்றைக்குத்தான் செய்தியில் நாற்பதைத் தாண்டியது என்பார்கள்.

இதற்கு ஒரு கர்ச்சீப் போதும். காலையில் கொடியில் ஒற்றைக் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். அது கடல் இருக்கிற பக்கம் சாய்ந்து படபடத்தால் தரைக்காற்று. மேற்கே சாய ஆரம்பித்தால் கடல்காற்று வந்துவிட்டது, எல்லாவற்றையும் கீழே கொண்டுபோகிற நேரம். இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன வேண்டும்

கெட்டியான பாலித்தீன் ஷீட், பழைய பருத்தி வேட்டி இரண்டு, முறம், சல்லடை, கொசுவலைத் துணி, கிளிப், நாலைந்து செங்கல். ஷீட்டைப் பெரிய ஒரே துண்டாக வாங்கி மாடி முழுக்க விரிப்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. தினத்தாள் அளவுக்கு வெட்டி, ஒவ்வொன்றையும் பழைய பிளைவுட் பலகை மேலோ பெரிய தாம்பாளத்திலோ வைத்தால், காற்று திரும்பியதும் ஒரே ஆள் தூக்கிக்கொண்டு இறங்கிவிடலாம். பெரிய ஷீட்டுக்கு நாலு மூலைக்கு நாலு பேர் வேண்டும், அதுவும் விடுமுறையில் பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில்.

படி 1: முந்தின சாயங்காலம்

மாடியைக் கூட்டிக் கழுவிவிடுங்கள். அடுக்குமாடி என்றால் சாவி யாரிடம், காலையில் யார் துணி போடுகிறார்கள் என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். வடாம் போட்ட பிறகு மேல்கொடியில் யாரோ ஒருவருடைய ஜீன்ஸ் சொட்டச் சொட்டத் தொங்கினால் சண்டை நிச்சயம்.

படி 2: பிரிப்பது

அறை அறையாகச் சுத்தம் செய்யத் தொடங்காதீர்கள். வெயிலை வைத்துப் பிரியுங்கள்: நேர் வெயில் வேண்டியது, வெயில் பட்டால் கெடுவது.

நேர் வெயில் வேண்டியவை இலவம்பஞ்சுத் தலையணை, மெத்தை, பரண் போர்வை, பருப்பு வகைகள், மிளகாய், தனியா. இலவம்பஞ்சை இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டு ஒரு குச்சியால் தட்டினால் உப்பிக்கொண்டு வரும். பருப்பை மெல்லிசாகப் பரப்புங்கள். வண்டு தானாக ஓரத்துக்கு ஊர்ந்துவிடும், பிறகு சலிப்பது சுலபம். எல்லாமே நன்றாக ஆறிய பிறகுதான் உறைக்குள்ளும் டப்பாவுக்குள்ளும் போக வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்க்கும்.

வெயில் ஆகாதவற்றில் முதலாவது அரிசி. வண்டு வந்த அரிசியை மாடியில் கொட்டுவதுதான் நிறைய வீடுகளில் வழக்கம். நேர் வெயிலில் அரிசி கீறல்விட்டு உடையும், சாதம் குழையும். ஹாலில் வேட்டி விரித்து, ஃபேன் காற்றில் பரப்பி, சலித்து, காய்ந்த வேப்பிலை போட்டு எடுத்துவையுங்கள். பட்டுப்புடவையும் அப்படித்தான், நிழலில் காற்றாட வைத்து மடிப்பை மாற்றி மடியுங்கள். ஃபோம் தலையணை, ஏசி ஃபில்டர் இரண்டுக்கும்கூட நிழல்தான்.

படி 3: ஜவ்வரிசி வடாம்

முதல் தடவை போடுகிறவர்கள் அரிசிக்கூழ் பக்கம் போக வேண்டாம், ஜவ்வரிசியே போதும். மளிகைக்கடையில் மாவு ஜவ்வரிசி, நைலான் ஜவ்வரிசி என்று இரண்டு இருக்கும். என் ஓட்டு மாவு ஜவ்வரிசிக்கு.

ஒரு டம்ளர் ஜவ்வரிசியை இரண்டு டம்ளர் தண்ணீரில் இரவே ஊறவையுங்கள். விடிவதற்கு முன் மூன்று டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஊறியதைக் கொட்டிக் கைவிடாமல் கிளறுங்கள். பச்சைமிளகாய், பெருங்காயம், உப்பு சேர்த்து அரைத்த விழுதை நடுவில் போடலாம். எலுமிச்சைச் சாறு அடுப்பை அணைத்து, கொஞ்சம் ஆறிய பிறகு. உப்பு மட்டும் வாயில் வைத்தால் 'குறைச்சல்' என்று தோன்றுகிற அளவில் நிறுத்துங்கள். தண்ணீர் வற்றும், உப்பு வற்றாது.

இப்போது கூழ்ப்பதம். என்னை ரொம்ப நாள் படுத்திய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 'கண்ணாடி மாதிரி ஆகும்வரை' என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் முத்து முழுவதும் கண்ணாடியாகி, கரைந்து, பசையாகிற வரைக்கும் கிண்டக் கூடாது. முத்துகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். பெரும்பாலான முத்துகளுக்குள் வெள்ளை மறைந்து, சிலவற்றில் மட்டும் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி மிச்சமிருக்கும்போது அடுப்பை அணையுங்கள். கூழின் சூட்டிலேயே அதுவும் வெந்துவிடும். வெள்ளை நிறைய இருந்தால் பொரித்த பிறகும் பல்லில் நறுக்கென்று மாட்டும்.

பதம் பார்க்க ஒரு தட்டு எடுத்து அரைக்கரண்டி கூழ் விட்டு, ஒரு நிமிஷம் ஆறவிட்டுச் சாயுங்கள். சாய்த்ததும் தண்ணீராக ஓடினால் வடாம் காகிதமாகக் காய்ந்து, எடுக்கும்போது கிழியும். அசையாமல் குவியலாக நின்றால் நடுப்பகுதி காயாது, மேலே மட்டும் தோல் கட்டும். மெதுவாக, மனசே இல்லாமல் நகர்ந்தால் அதுதான் பதம். அந்த ஒரு நிமிஷ ஆறல் முக்கியம். கூழ் ஆற ஆற இறுகும். அடுப்பில் சரியாகத் தெரிகிற கூழ் மாடிக்குப் போவதற்குள் களியாகிவிடும். அடுப்பில் இருக்கும்போது 'கொஞ்சம் தளர்த்தியோ' என்று சந்தேகம் வர வேண்டும். பக்கத்தில் வெந்நீர் வைத்துக்கொள்ளுங்கள், இறுகினால் ஒரு கை விட்டுக் கலக்கலாம். பச்சைத் தண்ணீர் விட்டால் கட்டி தட்டும்.

வெயில் ஏறுவதற்குள் மாடிக்குப் போய், கரண்டியால் இடைவெளி விட்டு ஊற்றுங்கள். தேய்க்க வேண்டாம், தானே பரவட்டும். காற்று திரும்பியதும் பலகையோடு கீழே கொண்டுவந்து ஃபேனுக்கு அடியில் வையுங்கள். சாயங்காலத்துக்குள் ஓரம் தானாகக் கிளம்பும். உரித்து, மறுநாள் தட்டில் திருப்பிப் போட்டுக் காயவையுங்கள். உடைத்தால் டக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னொரு காலை தேவை.

படி 4: மிளகாய், தனியா

இரண்டு மூன்று காலை காய்ந்தால் போதும். சூட்டோடு மில்லுக்கு. உங்களுக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேட்டுவிட்டுக் கொட்டுங்கள், சீயக்காய் என்றால் இன்னொரு நாள் வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் தூளைக் காகிதத்தில் பரப்பி ஆறவிட்டு டப்பாவில் போடுங்கள்.

படி 5: 12-லிருந்து 3 வரை மாடிப்பக்கம் போகாதீர்கள்

பொருளை இறக்க வேண்டியிருந்தால் செருப்பும் தலைக்குத் துண்டும் போட்டு ஒரு நடை, அவ்வளவுதான். மோர் குடித்துவிட்டு உள்ளே இருக்கிற பாக்கியைப் பாருங்கள். ஏசி ஃபில்டரைக் குழாயில் கழுவுங்கள். இந்த மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்தால் குளிர்ச்சியில் வித்தியாசம் தெரியும். 2020 ஜனவரியிலிருந்து விற்கும் நட்சத்திரக் குறியீட்டு ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்கும். நான் 26 வைத்து ஃபேனையும் போடுகிறவன்.

இதற்குக் கரண்ட் பில்லும் ஒரு காரணம். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், கூடுதல் கட்டணம் தாண்டியதற்கு மட்டுமல்ல, அதற்குக் கீழே உள்ள சில யூனிட்டுகளின் விலையும் ஏறிவிடும். ரீடிங் எடுத்த தேதியை அட்டையில் பார்த்து, மீட்டரை நடுவில் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

ஏர்கூலர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: சென்னையில் வேண்டாம். அது ஈரத்தை வைத்துக் குளிரூட்டுவது, இங்கே காற்றிலேயே ஈரம். அந்தக் காசுக்கு மண்பானையும் நல்ல ஃபேனும் வாங்கலாம்.

படி 6: சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி)

தண்ணீர் தானாக அடிமட்டத்துக்கு இறங்கும் நாளில் சுத்தம் செய்யுங்கள், நிறைந்த சம்ப்பை வீணாக இறைக்க வேண்டாம். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்ததைப் பார்த்த ஊர் இது. லாரித் தண்ணீர் வருவதற்கு முந்தின நாள்தான் சரியான நாள்.

மோட்டார் மெயினை அணையுங்கள். இறங்குவதற்கு ரொம்ப நேரம் முன்னாலேயே மூடியைத் திறந்து வையுங்கள். தனியாக யாரும் இறங்கக் கூடாது, மேலே ஓர் ஆள் நின்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பிளீச்சிங் பவுடரோடு பாத்ரூம் ஆசிட்டைச் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். நீள்கைப்பிடித் துடைப்பத்தை வைத்து மேலிருந்தே முடிகிற சின்ன சம்ப் என்றால் இறங்கவே வேண்டாம்.

பின்சேர்க்கை: கருத்துப்பெட்டியில் வந்தவை

காக்காய்க்குக் கறுப்புக் குடை விரித்து வைத்தால் போதுமா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். காக்காய்க்குப் போதும். புறா எதற்கும் பயப்படாது, கொசுவலைதான் வழி. வலை வடாமில் ஒட்டாதபடி செங்கல் மேல் தூக்கிக் கட்டுங்கள்.

மெட்ரோ ரயில் இரண்டாம் கட்ட வேலை நடக்கிற பக்கம் இருப்பவர்கள் தூசியைப் பற்றிக் கேட்டார்கள். எங்கள் பக்கமும் அதேதான். மெல்லிய வேட்டியை வலைக்கு மேல் போடுங்கள், அரை நாள் கூடுதலாகும், அவ்வளவே.

மாடிச் சாவி கிடைக்காத வீட்டுக்காரர்களுக்கு: கிழக்கு பால்கனி இருந்தால் காலை வெயில் நேராக விழும், நம் கணக்குக்கு அதுவே பொருத்தம். மேற்கு பால்கனியில் வெயில் வருகிற நேரத்தில் கடல்காற்றும் வந்திருக்கும். அங்கே தலையணை, போர்வை, பருப்பு வரைக்கும் சரி, வடாம் வேண்டாம்.

காய்ந்த வடாம் பொரியாமல் சிவந்து போகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். எண்ணெய் காய்ந்தது போதாமல் இருக்கலாம், இல்லாவிட்டால் வடாமில் ஈரம் இருக்கலாம். ஒன்றைக் கிள்ளிப் போட்டுப் பாருங்கள். உடனே மேலே வந்து விரிந்தால் எண்ணெய் சரி. அப்படியும் முழு வடாம் நடுவில் பொரியவில்லை என்றால், டின்னோடு எல்லாவற்றையும் இன்னொரு காலை மாடிக்கு ஏற்றுங்கள்.