கப்பல் ஏற அவசரப்படாதீர்கள்: ஆரம்பகால ஆங்கிலேயக் குடியேறிகளின் வம்சாவளியைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாசசூசெட்ஸின் பிளைமவுத் ஊரில் ஒரு குன்றின் மேல் பழைய இடுகாடு இருக்கிறது. அங்கே ஜான் ஹவ்லண்டுக்கு ஒரு கல் உண்டு. 1620இல் இங்கிலாந்திலிருந்து மேஃபிளவர் கப்பலில் வந்த 102 பயணிகளில் ஒருவர் அவர். நடுக்கடல் புயலில் தவறி விழுந்து, தண்ணீரில் இழுபட்டுக்கொண்டிருந்த பாய்க் கயிற்றைப் பிடித்து உயிர் தப்பியவர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் வழிவந்தவர்கள் அங்கே வைத்த கல்லில், அவர் பிளைமவுத்தின் முதல் கவர்னர் கார்வரின் மகளை மணந்தார் என்று செதுக்கியிருந்தார்கள். குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லிவந்த சேதி அது. யாரும் சந்தேகப்படவில்லை.

1855இல் லண்டன் பிஷப்பின் நூலகத்தில், அமெரிக்கப் புரட்சிக் காலத்தில் பாஸ்டனிலிருந்து காணாமல் போயிருந்த ஒரு கையெழுத்துப் பிரதி கண்டுபிடிக்கப்பட்டது. பிளைமவுத் குடியேற்றத்தை நெடுங்காலம் நடத்திய கவர்னர் வில்லியம் பிராட்ஃபோர்டு தன் கையால் எழுதியது. கப்பலில் வந்தவர்கள் யார், யாருக்கு என்ன ஆனது என்று கடைசியில் ஒரு பட்டியலே போட்டிருந்தார். அதில் ஹவ்லண்டின் மனைவி எலிசபெத், ஜான் டில்லியின் மகள் என்று இருந்தது. அப்பாவும் அம்மாவும் முதல் குளிர்காலத்திலேயே இறந்துபோன பெண் அவள். ஹவ்லண்ட் கார்வரின் வீட்டு ஆளாக வந்தவர். அதிலிருந்து கிளம்பிய கதை கல்வெட்டாகவே ஆகிவிட்டது. பிறகு புதுக் கல் வைத்தார்கள்.

என் மருமகள் மாசசூசெட்ஸ்காரி. பேரனுக்காக அவளுடைய தாய்வழியைத் தேட ஆரம்பித்து நான்கு வருஷம் ஆகிறது. இந்தத் தேடலில் எல்லாத் தவறுகளும் ஒரே ஆசையிலிருந்துதான் வருகின்றன. எப்படியாவது அந்தக் கப்பலில் போய் ஏறிவிட வேண்டும் என்ற ஆசை. பாட்டியின் குடும்பப் பெயர் ஆல்டன் என்றால், மேஃபிளவரில் வந்த ஜான் ஆல்டனிலிருந்து கீழே இறங்கி வரத் தொடங்கிவிடுகிறார்கள். அது தலைகீழ் வேலை.

நிலம் வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? இன்றைய பத்திரத்தில் தொடங்கி, விற்றவருக்கு யார் விற்றார், அவருக்கு எப்படி வந்தது என்று தாய்ப்பத்திரம் வரை பின்னால் போகிறோம். நடுவில் ஒன்று விட்டுப்போனாலும் வக்கீல் சரி என்று சொல்லமாட்டார். இங்கேயும் அதே கண்டிப்பு வேண்டும். இன்னார் இன்னாருடைய மகன் என்று ஒவ்வொரு கண்ணிக்கும் அந்தக் காலத்து ஆவணம் ஒன்று கையில் இருக்க வேண்டும்.

கண்ணி அறுபடும் இடம் பெரும்பாலும் 1600கள் அல்ல என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. சிக்கலான காலம் ஏறக்குறைய 1780 முதல் 1850 வரை. அமெரிக்காவின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790இல் நடந்தது. ஆனால் 1840 வரையிலான கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டும்தான் இருக்கும். மற்றவர்கள் இத்தனை ஆண், இத்தனை பெண் என்று வெறும் எண்ணிக்கை. 1850இல்தான், அடிமைகளைத் தவிர, வீட்டில் இருந்த எல்லோருடைய பெயரையும் எழுதினார்கள். அந்த இடைவெளியில்தான் நியூ இங்கிலாந்து (மாசசூசெட்ஸ் உள்ளிட்ட வடகிழக்கு மாநிலங்கள்) இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக நியூயார்க்குக்கும் ஒஹாயோவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். மாறாக, மேஃபிளவர் குடும்பங்களின் முதல் ஐந்து தலைமுறைகளை 1897இல் தொடங்கிய மேஃபிளவர் சந்ததியார் சங்கம் ஆராய்ந்து நூல் வரிசையாகவே வெளியிட்டிருக்கிறது. ஆகவே உங்கள் உழைப்பை நடுவில் போடுங்கள். ஒஹாயோவில் இறந்த எள்ளுத்தாத்தாவின் அப்பா யார் என்று நிரூபித்துவிட்டால் மேலே உள்ள வழி பெரும்பாலும் ஏற்கெனவே போட்டது.

அடுத்தது, பெயர் ஒன்றாக இருப்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்வது. இங்கிலாந்தில் 1538 முதல் ஊர்க் கோவில் பதிவேடுகள் உண்டு. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றும் எழுதப்பட்டன. அதில் சரியான வயதில் ஒரு தாமஸ் கிடைத்துவிட்டால் போதும், ‘கிடைச்சுட்டார்!’ என்று எழுதிவிடுகிறார்கள். பொறுங்கள். அதே பதிவேட்டில் நாலு பக்கம் தள்ளி அந்தக் குழந்தை புதைக்கப்பட்டிருக்கலாம். அல்லது அவர் அங்கேயே கல்யாணம் செய்து, அந்த ஊரிலேயே உயில் எழுதிவிட்டுக் கண்மூடியிருக்கலாம். குழந்தை பிழைத்ததா, பிற்பாடு அந்த ஊரிலிருந்து காணாமல் போனாரா, உறவுக்காரர் யாராவது தம் உயிலில் ‘நியூ இங்கிலாந்தில் இருக்கும் என் தம்பி’ என்று எழுதியிருக்கிறாரா என்று பார்த்த பிறகுதான் அவர் உங்களுடையவர். கப்பல் கிளம்பிய துறைமுகத்தையும் சொந்த ஊர் என்று நினைக்க வேண்டாம். ஜான் ஆல்டன் பீப்பாய் செய்பவராக சவுத்தாம்ப்டனில் வேலைக்கு எடுக்கப்பட்டவர் என்று பிராட்ஃபோர்டு எழுதியிருக்கிறார். அவர் பிறந்த ஊர் இன்றுவரை உறுதியாகவில்லை.

பொறுமையாக இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ரிச்சர்டு மோரின் கதை போதும். அப்பா அம்மா இல்லாமல் நான்கு பிள்ளைகள் மேஃபிளவரில் ஏற்றிவிடப்பட்டார்கள். மூன்று பேர் முதல் குளிர்காலத்தில் இறந்தார்கள். ரிச்சர்டு மட்டும் பிழைத்து முதுமை வரை வாழ்ந்தார். ஏன் இந்தப் பிள்ளைகள் தனியாக வந்தார்கள் என்பது மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் யாருக்கும் தெரியாது. 20ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷயரில் அந்தக் குடும்பத்துப் பழைய காகிதங்கள் வெளிவந்தன. மனைவி பெற்ற பிள்ளைகள் தனக்குப் பிறந்தவர்கள் அல்ல என்று சாமுவேல் மோர் அவர்களை அனுப்பிவிட்டிருந்தார். படிக்கும்போது மனசு கனக்கிறது. பெயரை மட்டும் பொருத்திப் பார்த்துவிட்டு நகர்ந்திருந்தால் இது வெளியே வந்தே இருக்காது.

தேதிகளுக்கு வருகிறேன். நான் சறுக்கிய இடம் இது. ஒரு தம்பதியின் கல்யாணம் 1640 ஏப்ரல் என்றும், முதல் பிள்ளையின் ஞானஸ்நானம் 1640 பிப்ரவரி என்றும் இருந்தது. பிள்ளை முந்தி, கல்யாணம் பிந்தியா? அப்படியானால் இவருக்கு முன்னால் இன்னொரு மனைவி இருந்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, உலகத்திலேயே இல்லாத ஒரு பெண்ணை வம்சாவளியில் எழுதிவைத்தேன். அந்தக் காலத்து இங்கிலாந்தில் வருஷம் பிறப்பது மார்ச் 25. மார்ச்சில் தொடங்கிய 1640, அடுத்து வரும் பிப்ரவரியிலும் 1640தான். பிள்ளை கல்யாணமாகிப் பத்து மாதம் கழித்துத்தான் பிறந்திருக்கிறது. 1752இல்தான் ஜனவரி 1க்கு மாறினார்கள். அந்த வருஷம் செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14. ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தபோது எழுதிய தேதி 1731/32 பிப்ரவரி 11. இன்று கொண்டாடுவது 1732 பிப்ரவரி 22. ஆகவே ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான எந்தத் தேதியையும் இரண்டு வருஷமும் போட்டு 1640/41 என்றே குறித்துக்கொள்ளுங்கள். மாதத்தை எண்ணால் எழுதியிருந்தால் முதல் மாதம் மார்ச், 12ஆம் மாதம் பிப்ரவரி. 7 என்று போட்டுப் பக்கத்தில் ‘பெர்’ என்று ஒட்டியிருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர்.

உறவுச் சொற்களும் இதே மாதிரிதான். நாம் தெருவில் போகிறவரை அண்ணே என்கிறோம், அப்பாவின் நண்பரை மாமா என்கிறோம். அதை வைத்து ஒருவர் உறவு வரைந்தால் என்ன ஆகும்? 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ‘ஃபாதர் இன் லா’ என்பது மாமனாராகவும் இருக்கலாம், அம்மாவின் இரண்டாவது கணவராகவும் இருக்கலாம். ‘சன் இன் லா’ மருமகனாகவோ மனைவியின் முந்தைய கணவருக்குப் பிறந்த மகனாகவோ இருக்கலாம். ‘கசின்’ என்று எழுதப்பட்டவர் பல நேரம் உடன்பிறந்தாரின் பிள்ளை. ‘பிரதர்’ அதே சபையில் ஜெபிக்கிறவர்கூட. சீனியர், ஜூனியர் என்றால் அப்பா, மகன் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. நம் ஊரில் பெரிய முருகேசன், சின்ன முருகேசன் என்று அடையாளத்துக்குச் சொல்வதில்லையா, அதேதான். பெரியவர் இறந்ததும் சின்னவர் சீனியர் ஆகிவிடுவார்.

உயிலைப் பொறுத்தவரை ஒரு பெயர் இல்லை என்பதாலேயே அப்படிப் பிள்ளை இல்லை என்று சொல்ல முடியாது. கல்யாணத்தின்போதே நிலம் எழுதி வாங்கிக்கொண்ட மூத்தவனை அப்பா உயிலில் விட்டிருக்கலாம். அதனால் நிலப் பத்திரங்களையும் பார்க்க வேண்டும். உயிலில் ‘என் இப்போதைய மனைவி’ என்று இருந்தால், முந்தைய மனைவி ஒருத்தி கட்டாயம் இருந்தாள் என்றும் அர்த்தமில்லை, இல்லை என்றும் அர்த்தமில்லை. நான் மிகவும் விரும்பிப் படிப்பது உயில் இல்லாமல் இறந்தவர்களின் சொத்துப் பங்கீடுகளை. மாசசூசெட்ஸில் மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு. ஐந்து பிள்ளைகள் என்றால் சொத்தை ஆறாகப் பிரித்து, ஒருவருக்கு இரண்டு தருவார்கள். அந்த இரண்டை வாங்கியவர் யார் என்று பார்த்தால் மூத்தவர் யார் என்பது தெரிந்துவிடும். பிறந்த தேதியே கிடைக்காத குடும்பத்தில் இது பெரிய வெளிச்சம்.

வர்ஜீனியா பக்கம் முன்னோர் இருந்தால் ஒரு எச்சரிக்கை. 1618 முதல் அங்கே ஓர் ஆளைத் தன் செலவில் கொண்டுவந்தவருக்கு 50 ஏக்கர் கிடைத்தது. அந்தப் பட்டாவில், கொண்டுவரப்பட்டவராக உங்கள் ஆளின் பெயர் இருந்தால், அந்த வருஷமே அவர் வந்து இறங்கினார் என்று எழுதாதீர்கள். வந்து பல வருஷம் கழித்தும் நிலம் கேட்டார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு பேர் கேட்டதும் உண்டு.

இணையத்தில் ஒரே வம்சாவளி நாற்பது இடத்தில் இருந்தால் நாற்பது சாட்சி என்று நினைப்பது இன்னொரு தவறு. ஒருவர் எழுதியதை முப்பத்தொன்பது பேர் எடுத்துப் போட்டிருப்பார்கள். அச்சுப் புத்தகமும் விலக்கல்ல. ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்து 1942இல் இறந்த குஸ்டாவ் ஆன்ஷூ, பணக்காரக் குடும்பங்களுக்கு இல்லாத ஆவணங்களை இருப்பதாகக் காட்டி வம்சாவளி விற்றவர். அவருடைய கற்பனைகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. குடும்பப் பெயருக்கு என்று ஒரு சின்னம் விற்பவர்களிடமும் பணத்தைக் கொடுக்காதீர்கள். இங்கிலாந்தில் அந்தச் சின்னம் ஒரு தனி ஆளுக்கும் அவர் வழியினருக்கும் வழங்கப்படுவது, அந்தப் பெயருள்ள எல்லோருக்கும் அல்ல.

சாதாரண டிஎன்ஏ பரிசோதனையும் 12 தலைமுறை தூரத்துக்குப் பெரும்பாலும் கைகொடுக்காது. அந்தத் தலைமுறையில் உங்களுக்கு 4,096 மூதாதையர் இடங்கள். அதில் ஒருவரின் தடயம் உங்கள் உடம்பில் அறவே இல்லாமல் போயிருக்கலாம். அப்பா வழியே தொடரும் ஒய் குரோமோசோம் சோதனையோ, ஆண்வழி அறுபடாமல் இருந்தால், உண்மையிலேயே உதவும்.

கடைசியாக, வந்தவர் அங்கேயே இறந்திருப்பார் என்று நம்பி அமெரிக்கப் பதிவேடுகளிலேயே சுற்றிச் சுற்றித் தேடுவது. 1640களிலும் 50களிலும் நிறையப் பேர் இங்கிலாந்துக்குத் திரும்பினார்கள். 1649இல் பாஸ்டனில் பிறந்த எலிஹு யேல் என்ற பையனைக் குழந்தைப் பருவத்திலேயே அவனுடைய பெற்றோர் திரும்ப அழைத்துப் போய்விட்டார்கள். பாஸ்டனில் அவன் அடக்கத்தைத் தேடினால் கிடைக்காது. அவன் கல்லறை வேல்ஸில், ரெக்ஸாம் ஊர்க் கோவிலில் இருக்கிறது. அமெரிக்காவில் பிறந்து, ஐரோப்பாவில் வளர்ந்து, ஆப்பிரிக்காவில் பயணித்து, ஆசியாவில் மணந்தவர் என்று அதன் மேல் எழுதியிருக்கிறது. இந்தக் கல் சொல்லும் கல்யாணத்தைச் சரிபார்க்க முடியும். பின்னாளில் மதராஸ் கவர்னரான எலிஹு யேல், ஜோசப் ஹின்மர்ஸின் விதவை கேத்தரினை மணந்தது 1680 நவம்பர் 4ஆம் தேதி, சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குள், அதற்கு ஒரு வாரம் முன்புதான் திறக்கப்பட்ட புனித மேரி தேவாலயத்தில். அந்தக் கோவில் பதிவேட்டின் முதல் திருமணம் அது.